ஒரு பல் வளைந்த ரேசர்

ஜிப்புத் தொழிற்சாலையில் அவளுக்குப் 'பல் டாக்டர்' என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை, ஆனால் வைத்தவர் வாயில் சர்க்கரை போடலாம். காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை அவள் பார்ப்பதெல்லாம் பல்தான். பித்தளைப் பல், அலுமினியப் பல், பிளாஸ்டிக் பல். மேசையின் இந்த ஓரத்திலிருந்து ஜிப்புப் பட்டை ஓடி வரும். அவள் கட்டைவிரல் அதன்மேல் பட்டும் படாமலும் இருக்கும். அந்த ஓரத்தில் பட்டை சுருளாகச் சுற்றிக்கொள்ளும். வளைந்த பல்லோ, எழும்பிய பல்லோ, இடம் தவறிய பல்லோ வந்தால் விரல் நின்றுவிடும். அந்த இடத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போடுவாள். முடிச்சு விழுந்த துண்டை வெட்டி எறிந்துவிடுவார்கள். அதற்கு அப்பீல் கிடையாது.

"கண்ணு பதினோரு மணிக்கே சொக்கிடும். விரலுக்குத் தூக்கம் வராது" என்பாள்.

பத்தொன்பது வயதில் பெட்டி ஒட்டும் வேலைக்குத்தான் அங்கே வந்தாள். வந்த மூன்றாம் மாதம், ஒட்ட வந்த சுருள் ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல ஒவ்வொரு அறுபதாவது பல்லும் சரியில்ல" என்றாள். மிஷின்காரர் சிரித்தார். "பெட்டி ஒட்ட வந்தோமா, ஒட்டினோமா, போனோமான்னு இரும்மா" என்றார். லைனைப் பார்த்துக்கொள்ளும் லைன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை, உட்கார்ந்து எண்ணினாள். அறுபது, நூற்றிருபது, நூற்றெண்பது. பல் குத்தும் அச்சில் ஒரு மூலை உடைந்திருந்தது. அன்று அரை நாள் மிஷின் நின்றது. மிஷின்காரர் ஒரு வாரம் அவள் இருந்த பக்கமே திரும்பவில்லை. மறுவாரம் அவராகவே ஒரு சுருளைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதையும் கொஞ்சம் தடவிப் பாரேன்" என்றார்.

அதன்பிறகு பதினாலு வருஷம். வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியிலும் பல் பார்த்தவரின் எண் எழுதிய சீட்டு ஒன்று இருக்கும். அவள் எண் ஏழு. ஏழாம் எண் சீட்டோடு போன பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஒன்றுகூட! இதை அவள் சொல்ல மாட்டாள், லைன் அக்கா சொல்லுவாள். புதிதாகச் சேருகிற பெண்களிடம் சொல்லுவாள், பார்வையிட வருகிறவர்களிடம் சொல்லுவாள், கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

அவள் புருஷனுக்கு அவன் வேலை செய்யும் இடத்தில் 'முள்ளு' என்று பெயர். காரணம் தாடி. சும்மா தாடி இல்லை, அடர்ந்த காடு. காலையில் மழித்தால் மத்தியானம் நிழல் கட்டும், சாயங்காலம் கன்னத்தில் தீக்குச்சி உரசலாம். ஜிப்புத் தொழிற்சாலைக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய குளிர்கிடங்கில் அவனுக்கு வேலை. பழமும் மீனும் மலை மலையாக வைத்திருப்பார்கள்.

அவர்களைச் சேர்த்து வைத்ததும் அந்தத் தாடியும் ஒரு ஜிப்பும்தான். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில், குளிருக்குப் போடும் தடித்த ஜாக்கெட்டோடு ஒரு ஆள் வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ் வந்தது, அப்போதும் வானம். என்ன பார்க்கிறான் இவன் என்று அவளும் மேலே பார்த்தாள். மேலே ஒன்றுமில்லை. கழுத்துவரை இழுத்த ஜிப்பில் தாடி சிக்கி, தலையைக் குனிய முடியாமல் நின்றிருந்தான் பாவம்! அவள் கிட்டே போய், "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு மயிர்கூட அறாமல் பத்து நிமிஷத்தில் விடுவித்தாள். கண்ணில் தண்ணீரோடு அவன் நன்றி சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள், "இந்த ஜிப்பு ரன்னர் எங்க தொழிற்சாலைச் சரக்கு இல்ல" என்றாள். இப்படித்தான் தொடங்கியது.

இப்போது அவர்களுக்கு ஏழு வயதில் ஒரு மகள். தாடி இல்லாமல் பிறந்தது அந்தக் குழந்தையின் அதிர்ஷ்டம்.

குளிர்கிடங்கில் குளிரூட்ட அம்மோனியா ஓடுகிறது. வாங்குகிற இடத்திலும் விற்கிற இடத்திலும் அதற்கு என்ன பெயரோ, உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு அது 'கேஸ்'. குழாயில் எங்காவது கசிந்தால் சங்கு ஊதும், எல்லோரும் வெளியே ஓடுவார்கள். இரண்டு பேர் மட்டும் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள், வால்வை மூட. ஓடுகிற அந்த இரண்டு பேரில் ஒருவன் முள்ளு. இன்னொருவன் அவன் சோடி, அவனை எல்லோரும் 'தம்பி' என்பார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வேலைக்குப் போனபோதுதான் முள்ளு தாடியை எடுத்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் நாலாம் அறையில் மாட்டிக்கொண்ட இரண்டு பெண்களை ஆளுக்கு ஒருவராகத் தோளில் போட்டுக்கொண்டு வந்ததும் இவர்கள்தான். அந்தப் பெண்களில் ஒருத்தி இன்றைக்கும் அவனைக் கண்டால் எழுந்து நிற்பாள். அவன் கூச்சப்பட்டு வேறு வழியாகப் போவான்.

சங்குச் சத்தம் சாலை தாண்டி ஜிப்புத் தொழிற்சாலைக்குக் கேட்கும். கேட்டதும் அவள் விரல் பட்டையின்மேல் இருக்கும், ஆனால் ஒன்றும் தெரியாது. மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சங்கு அடங்கும்வரை கையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புதிதாக ஒரு சோதனை வந்தது. முகமூடி முகத்தோடு காற்றுப் புகாமல் ஒட்டுகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பார்களாம். முகமூடிக்கு மேல் ஒரு பெரிய பையைக் கவிழ்த்து, அதற்குள் கசப்புத் தண்ணீரைப் புகையாக அடிப்பார்கள். குனி, நிமிர், திரும்பு, எண்ணு என்பார்கள். "கசக்குதா?" என்று கேட்பார்கள். வாயில் கசந்தால் காற்று உள்ளே வருகிறது என்று அர்த்தம். சோதனை மத்தியானம் இரண்டு மணிக்கு. இரண்டு மணிக்கு முள்ளுவின் கன்னம் எப்படி இருக்கும் என்பதுதான் நமக்குத் தெரியுமே!

கசக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியது சோதிக்கப்படுகிற ஆள்தான். 'கசக்கல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் வாய்க்குள் எட்டிப் பார்க்கப் போவதில்லை. முதல் தடவை தோற்றவனுக்கு மறுநாளே இன்னொரு தடவை வைத்தார்கள். அவன் இரண்டு தடவையும், "கசக்குது சார்" என்றான். இப்படி ஒரு மனுஷன். மூன்றாவது சோதனைக்கு மூன்று வாரம் தவணை கொடுத்தார்கள். அதுவரைக்கும் உள்ளே போகக் கூடாது, வெளியே நின்று, உள்ளே போகிறவனின் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடிக்கலாம். மூன்றாவதிலும் தோற்றால் கேட்டில் லாரி நம்பர் எழுதுகிற வேலை.

"கேட்டுல உக்கார வெச்சுருவாங்களாம்" என்று அன்று வீட்டுக்கு வந்து சொன்னான். "எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதாம்மா. வால்வு எங்க இருக்குன்னு கண்ணை மூடிட்டுப் போவேன். தம்பி இன்னொருத்தன் கூட உள்ள போவான், நான் வெளிய நின்னு வேடிக்கை பாக்கணுமா?"

"அட விடுங்க, பாத்துக்கலாம்" என்றாள். முகத்தில் கவலை இருந்தது. உள்ளே, சொன்னால் நம்ப மாட்டீர்கள், கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதும் புருஷனை அவள் நினைத்துப் பார்த்துவிட்டாள். நாற்காலி, மின்விசிறி, கையில் பேனா. சங்கு ஊதினால் முதலில் வெளியே இருப்பவன். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. இனித்ததற்காக வெட்கப்பட்டாள், ஆனால் நினைப்பை விடவில்லை.

முடிதிருத்துபவர்தான் வழி சொன்னார். விடியற்காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு முன்னால் அவர் கடை திறக்காது, தினமும் அவரிடம் போக வழியில்லை. அவர் முள்ளுவின் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, தொழிலுக்கே உரிய மரியாதையோடு, "இது தாடி இல்லண்ணே, துடைப்பம்" என்றார். பிறகு விளக்கினார். கடையில் விற்கும் மூன்று பிளேடு, ஐந்து பிளேடு ரேசரெல்லாம் இந்தத் தாடியில் நாலு இழுப்பில் அடைத்துக்கொள்ளும். சாதாரண ரேசரில் பிளேடுக்கு முன்னால் ஒரு வழவழப்பான பட்டை இருக்கும். அது நுரையையும் வழித்துவிடும், மயிரையும் படுக்க வைத்துவிடும். அந்தக் காலத்தில் பட்டைக்குப் பதில் சீப்பு மாதிரிப் பல் வைத்துச் செய்தார்கள். மயிர் பல்லுக்கு நடுவே நின்றபடியே வரும், நுரையும் கூடவே வரும், பிளேடு அடியோடு வெட்டும். "பழைய சாமான் கடையில பாருங்க. ஆனா பல்லு நேரா இருக்கணும், அது முக்கியம்" என்றார்.

"பல்லுதானே? வீட்டுலயே டாக்டர் இருக்கா" என்று முள்ளு சிரித்தான். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனார்கள். பழைய சாமான் கடைக்காரரிடம் எதைக் கேட்டாலும் அது ஒரு கப்பல் கேப்டன் வீட்டுச் சாமான். கடிகாரமும் கேப்டனுடையது, தையல் மிஷினும் கேப்டனுடையது, தொட்டிலும் கேப்டனுடையது. அவர் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தார். ஐந்து ரேசர்கள் விழுந்தன.

"அஞ்சும் கேப்டனோடதா?" என்றாள்.

"நாலு கேப்டனோடது. ஒண்ணு அவரு மாமனாரோடது" என்றார் அசராமல்.

அவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேலை என்று வந்துவிட்டால் அவளுக்கு வேறொன்றும் தெரியாது. முதல் ரேசரின் கைப்பிடி கருப்பு, விரல் நகத்தால் தட்டினாள், சத்தம் செத்துப்போய் வந்தது. உள்ளே விரிசல். இரண்டாவதில் திருகு மரை தேய்ந்து, இறுக்க இறுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாவது மிகப் பழசு; கையோடு கொண்டுவந்திருந்த பிளேடை வைத்துப் பார்த்தாள், இன்றைய பிளேடின் ஓட்டை அதன் முளைகளில் உட்காரவில்லை. மூன்றையும் தள்ளி வைத்தாள்.

மிச்சம் இரண்டு. ஒன்று பளபளவென்று புது முலாம் பூசியது, முகம் பார்க்கலாம். இன்னொன்று முலாம் உரிந்து, பித்தளை பல்லிளித்து, கைப்பிடியின் வரிகளில் அழுக்கேறிக் கிடந்தது.

மங்கலானதை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பல்லின்மேல் கட்டைவிரலை ஓட்டினாள். ஒரு பக்கம், மறு பக்கம். ஒரு பல்கூட விரலை நிறுத்தவில்லை. பிளேடை வைத்து இறுக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். பிளேடின் விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவே வெளிச்சம், இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவே. யாரோ ஒரு நல்ல வேலைக்காரன் செய்தது, யாரோ ஒரு நல்ல மனுஷன் கீழே போடாமல் வைத்திருந்தது.

பிறகு பளபளப்பை எடுத்தாள். மூலையிலிருந்து மூன்றாவது பல்லில் விரல் நின்றது. எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. பல் வளைந்து, அதோடு பல் இருக்கும் தட்டின் மூலையும் நெளிந்து, அதற்குமேல் முலாம் பூசி மறைத்திருந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு பக்கம் பிளேடு அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தது, மறு பக்கம் உள்ளே ஒளிந்திருந்தது. ஒரு பக்கம் கிழிக்கும். மறு பக்கம் வெட்டாது.

"அடடா, இது எவ்வளவு ஜோரா இருக்கு!" என்று முள்ளு அதைக் கையில் வாங்கினான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் அவன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்ன டாக்டர், இதை எடுத்துக்கலாமா?"

அவள் சிவப்பு நூல் இல்லாத தன் வெறும் கையைப் பார்த்தாள். நாற்காலி, மின்விசிறி, பேனா. ஒரு வார்த்தையும் பொய் சொல்ல வேண்டாம். பேசாமல் இருந்தால் போதும். மங்கலானதை மறுபடி கையில் எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள், வைத்தாள்.

"உங்களுக்குப் புடிச்சா எடுத்துக்கங்க" என்றாள்.

பதினாலு வருஷத்தில் பல் டாக்டர் தெரிந்தே போகவிட்ட முதல் கோணல் சரக்கு அது.

மறுநாள் காலையில் குளியலறையிலிருந்து அவன் வெளியே வந்தபோது முகத்தில் செய்தித்தாள் துண்டுகள் ஒட்டியிருந்தன, ரத்தம் நிற்பதற்காக. மகள் கைகொட்டி எண்ணினாள். "அப்பா, மூணு!"

"புது ரேசர் பழகணும்ல" என்றான்.

அடுத்த நாள் நாலு. அதற்கடுத்த நாள் ஐந்து. மழிக்கும்போது வலது கன்னத்துக்கு ஒரு பக்கம், திருப்பிப் பிடித்து இடது கன்னத்துக்கு மறு பக்கம், அதுதான் அவன் பழக்கம். வலது கன்னம் கிழிந்தது. இடது தாடையின் கீழே ஒரு திட்டு மயிர் எத்தனை தடவை இழுத்தாலும் போகாமல் நின்றது. அவன் ரேசரைக் குறை சொல்லவே இல்லை. "என் கைதான் ஒழுங்கா இல்ல. டாக்டர் பாத்த சரக்கு, அதுல தப்பு இருக்குமா?" என்றான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்குக் குறுகுறுக்கவில்லை, அறுத்தது. சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் காகிதத் துண்டுகள்தான் கண்ணில் பட்டன. சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. இன்னும் பத்து நாள், அப்புறம் கேட்டு வேலை, அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உயிரோடு இருக்கிற புருஷனுக்குக் கன்னத்தில் நாலு கீறல் இருந்தால் என்ன குறைந்துவிட்டது?

பதினோராம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது.

கையை மடியில் வைத்தாள். ஆனால் அன்றைக்கு முதல் தடவையாகப் பயம் கொஞ்சம் குறைவாக இருந்தது. அவர் வெளியேதான் நிற்பார், கயிறுதான் பிடிப்பார். அப்படியே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சங்கு வழக்கத்தைவிட நீளமாக ஊதியது.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அவன் கட்டிலில் இருந்தான். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு, ஈரத் துணி போட்டிருந்தார்கள். இருமிக்கொண்டே இருந்தான். பேச வாயைத் திறந்தால் கரகரப்புதான் வந்தது. பக்கத்தில் தம்பி, அவன் சோடி, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"டாக்டர் பாத்தாச்சு அண்ணி, பயப்படாதீங்க. மூணு நாள் ஓய்வு எடுத்தா சரியாயிடும்னாங்க" என்று எழுந்து நின்றான்.

"இவரு வெளியதானே இருந்தாரு?"

தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மாத்து ஆள் வரல அண்ணி. ரெண்டாம் அறையில குழாய் மூட்டு விட்டுருச்சு. நான் தனியா போனேன். வால்வு இறுகிக்கிச்சு. இழுத்து இழுத்து மூச்சு முட்டி விழுந்துட்டேன் போல. வெளியேந்து கயித்தை ஆட்டியிருக்காரு, நான் திருப்பி ஆட்டல. மாஸ்க்கை மாட்டிட்டு வந்துட்டாரு. வால்வையும் மூடிட்டு, என்னையும் இழுத்துட்டு வந்தாரு. அவரு வரலேன்னா நான் இன்னைக்கு இல்ல." தம்பி தன் இடது தாடையைத் தொட்டுக் காட்டினான். "மாஸ்க் ஓரத்துல கேஸ் ஏறிடுச்சு அண்ணி. இந்த எடது தாடைக்குக் கீழ கொஞ்சம் தாடி நின்னுச்சுல்ல, அது வழியா."

அவள் அப்படியே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இடது தாடைக்குக் கீழே. எந்த இடம் என்று அவளுக்குத் தம்பி சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உலகத்தில் அவளைவிட நன்றாக அதை அறிந்தவர் யாருமில்லை. அவனை உள்ளே போகவிடாமல் தடுக்கத்தான் அந்தப் பல்லை விட்டாள். அவன் போகத்தான் போனான். அவள் செய்ததெல்லாம் அவனை ஓட்டை முகமூடியோடு அனுப்பியதுதான்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கடை திறக்கும் முன்பே பழைய சாமான் கடை வாசலில் போய் நின்றாள். வித்திருப்பாரோ, வித்திருப்பாரோ என்று பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் அவளைப் பார்த்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தார். மங்கலான ரேசர்.

"அன்னைக்கு நீ இதை மூணு தடவை எடுத்து எடுத்து வெச்சேம்மா. பல்லு பாக்குற கை சும்மா போகாதே, திரும்பி வருவேன்னு எடுத்து வெச்சேன்" என்றார். பிறகு, பழக்க தோஷத்தில், "கேப்டன் மாமனாரோடது" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பொருளைவிட அதிகமாக அவர் தன்னைப் பார்த்திருக்கிறார் என்று கூசிப்போனாள்.

நாலாம் நாள் காலை, முள்ளு எழுந்து முகம் கழுவி, கண்ணாடி முன்னால் நுரை பூசிக்கொண்டு பளபளப்பு ரேசரைக் கையில் எடுத்தான். அவள் குளியலறை வாசலில் வந்து நின்றாள்.

"அதைக் கீழ வைங்க. அது கோணல்."

"என்னது?"

"மூணாவது பல்லு வளைஞ்சிருக்கு. தட்டு நெளிஞ்சிருக்கு. ஒரு பக்கம் கிழிக்கும், ஒரு பக்கம் வெட்டாது."

"அட, எப்பக் கண்டுபுடிச்ச?"

"கடையிலயே."

அவன் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தான். முகத்தில் பாதி நுரை. "கடையிலயே தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன். நீங்க சோதனையில தோக்கணும்னு. கேட்டுல உக்காரணும்னு. சங்கு ஊதினா எனக்கு உயிர் போயிட்டு உயிர் வருதுங்க, இனிமே முடியாது என்னால." சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அவன் கோபப்பட்டான். சத்தம் போடுகிற கோபம் இல்லை. ரேசரைத் தொட்டியில் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து நுரையைக் கழுவினான். "பதினாலு நாளா என் கையைத் திட்டிட்டு இருந்தேன்" என்றான். "வயசாயிடுச்சு, கை நடுங்குது, வால்வைக்கூட ஒழுங்கா திருக மாட்டேன் போலன்னு பயந்துட்டே இருந்தேன். அதைப் பாத்துட்டே இருந்தியா?"

அன்றைக்கு முழுக்க அவன் அவளிடம் பேசவில்லை. மகளிடம் பேசினான், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசினான், பேப்பர்காரரிடம்கூட வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினான். அவள் பொறுத்துக்கொண்டாள். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று நினைத்தாள்.

சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து எதிரே உட்கார்ந்தான்.

"பயமா இருக்குன்னு என்கிட்ட வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா போகாம இருப்பீங்களா?"

சோதனையில் பொய் சொல்லாத மனுஷன் வீட்டில் சொல்லுவானா? "இல்ல. போவேன்" என்றான்.

"அப்புறம் என்னத்தைச் சொல்றது?"

"சொல்லியிருந்தா உன் பயமும் என்கூட உள்ள வருதுன்னு தெரிஞ்சிருக்கும். நான் ஒருத்தன் மட்டும்தான் உள்ள போறேன்னு நெனச்சிருக்க மாட்டேன்." அவன் மடித்த துணியை எடுத்து மறுபடி பிரித்தான், கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே. "தம்பி உள்ள கெடக்குறான். தாடி இருக்கு, ரூல் இருக்குன்னு நான் நின்னா அப்புறம் வீட்டுக்கு வந்து எப்படி உன் மூஞ்சியைப் பாக்குறது?"

"நிக்காதீங்க" என்றாள். அவள் வாயிலிருந்தா வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். "நிக்கச் சொல்லல. ஆனா ஓட்டை மாஸ்க்கோட போகக் கூடாது. இனிமே அதை நான் பாத்துக்கறேன்."

துணியில் சுற்றியதை அவன் முன்னால் வைத்தாள். அவன் பிரித்துப் பார்த்தான். பல்லிளிக்கும் பித்தளையைப் பார்த்து, "இதுவா? இதைப் பாத்தா குப்பையில கெடந்த மாதிரி இருக்கே" என்றான்.

"ஆமா. என்னைப் பொண்ணு பாக்குறப்பவும் உங்க அம்மா இதேதான் சொன்னாங்க" என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். சிரித்ததும் இருமல் வந்தது, இருமியபடியே சிரித்தான்.

அன்றிலிருந்து சோதனை நாள்வரை தினமும் விடியற்காலை நாலரைக்கு அவர்கள் குளியலறையில் விளக்கு எரிந்தது. வெந்நீரில் துண்டை நனைத்து முகத்தில் நாலு நிமிஷம் போட வைத்தாள். எந்தக் கன்னத்தில் மயிர் எந்தப் பக்கமாக வளர்கிறது என்று விரலால் தேடி, சோப்புத் துண்டால் கண்ணாடியில் அம்புக்குறி போட்டுக் காட்டினாள். முதலில் வளர்கிற பக்கமாக, பிறகு குறுக்காக. அழுத்தாதீங்க, அதோட கனமே போதும். ரேசர் நடக்கும்போது 'சர்சர்' என்று ஒரு சத்தம் வரும், பல்லுக்கு நடுவே மயிர் நின்று அறுபடுகிற சத்தம். அந்தச் சத்தம் எங்கே மாறுகிறதோ அங்கே அவள், "நில்லுங்க, பிளேடைக் கழுவுங்க" என்பாள். சொந்தத் தொழிலில் செய்ததைவிடக் கறாராகச் செய்தாள். மூன்றாம் நாள் மகள் எண்ண வந்து, எண்ண ஒன்றுமில்லாமல் ஏமாந்து போனாள்.

ஒரு நாள் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவன், "இவ்வளவு பயத்தை வெச்சுக்கிட்டு எப்படி இதைச் செய்யறே?" என்று கேட்டான்.

"பயந்துக்கிட்டேதான்" என்றாள்.

சோதனை நாளன்று அவள் வேலைக்குப் போனாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். இரண்டு மணி ஆனது. இரண்டரை ஆனது. பித்தளைச் சுருள் விரலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை சரியான பல்லிலேயே விரல் நின்றது, இரண்டு தடவையும் தன்னைத் திட்டிக்கொண்டு மறுபடி ஓடவிட்டாள். மூன்று மணிக்குச் சற்று முன்னால் லைன் அக்கா ஆபீஸ் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "உனக்குத்தான் போன்" என்றாள்.

ரிசீவரைக் காதில் வைத்ததும் அந்தப் பக்கம் பெரிய சத்தம், பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிற மாதிரி. நடுவில் தம்பி, "அண்ணி! அண்ணி!" என்கிறான். அப்புறம் அவன் குரல், இன்னும் கரகரப்பு முழுசாகப் போகாத குரல்.

"கசக்கலம்மா. குனியச் சொன்னான், நிமிரச் சொன்னான், நூறுவரைக்கும் எண்ணச் சொன்னான். ஒரு துளி கசக்கல. கேக்குதா? கசக்கவே இல்ல!"

"கேக்குது" என்றாள். "சாப்டீங்களா?"

"இப்பத்தான் சாப்பிடணும்."

"மொதல்ல சாப்பிடுங்க" என்று போனை வைத்தாள்.

வைத்த கை ரிசீவரின் மேலேயே இருந்தது. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. லைன் அக்கா பதறிப்போய் அவள் தோளைப் பிடித்தாள். "என்னடி ஆச்சு? கெட்ட சேதியா?"

"இல்லக்கா, நல்ல சேதிதான். அவரு இனிமே கேஸுக்குள்ள போகலாமாம்."

சொல்லிவிட்டு லைன் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள்.